ஹுவாவே அன்ட்ரொய்டைக் கைவிட்டது: நோக்கியா போன பாதைதானா?

காசல்ரீ (நோர்வூட்)

சீனாவில் ஹுவாவே அன்ட்ரொய்டை விட்டுவிட்டது. 2024 ஒக்டோபர் 22 அன்று வெளியான அவர்களின் சொந்த இயங்குதளமான (ஓஎஸ்) ஹார்மனி ஓஎஸ் 5, இவ்வளவு காலமும் ‘நெக்ஸ்ட்’ என்று சொல்லிவந்த அதே சிஸ்டம்தான். 2021 ஜூனில் போன்களுக்கு வந்த ஹார்மனி 2 முதல் ஹார்மனி 4 வரை உள்ளே அன்ட்ரொய்ட் செயலிகள் ஓடின. ஆகவே ‘பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்’ என்று பலர் சொன்னதில் நியாயம் இருந்தது. இனி அந்தப் பேச்சுக்கு இடமில்லை. கேர்னலே, அதாவது ஓஎஸ்ஸின் மையப் பகுதியே, அன்ட்ரொய்டில் உள்ள லினக்ஸ் இல்லை, அவர்களே எழுதிய மைக்ரோகேர்னல். செயலிகளை ஆர்க்டிஎஸ் என்ற மொழியில் புதிதாக எழுத வேண்டும். அன்ட்ரொய்ட் செயலிகள் வரும் ஏபிகே கோப்பை இறக்கி வைத்தால் போனுக்கு அது என்னவென்றே தெரியாது.

எனக்கு இது பெரிய விசயம். 2019 மே மாதம் அமெரிக்க வர்த்தகத் திணைக்களம் தன் தடைப்பட்டியலில் ஹுவாவேயைச் சேர்த்தது. சில நாட்களில் கூகுளும் கையை எடுத்தது. செப்டம்பரில் மேட் 30 வந்தபோது பிளே ஸ்டோர், கூகுள் மேப், ஜிமெயில் ஒன்றுமே அதில் இல்லை. அந்த ஆண்டு உலகின் இரண்டாவது பெரிய போன் கம்பனி அது. அவ்வளவு பெரிய கம்பனியையே ஒரு உத்தரவால் நிறுத்த முடியும் என்றால், அன்ட்ரொய்ட் எல்லாருக்கும் திறந்தது என்ற பேச்சுக்கு என்ன பொருள்? அப்போதே போன் வியாபாரத்தை மூடிவிட்டுப் போயிருக்கலாம். மூடவில்லை, உட்கார்ந்து ஒரு ஓஎஸ்ஸையே எழுதினார்கள்.

இதுவும், ஓஎஸ் மாற்றி விழுந்த நோக்கியா போன பாதையில்தான் போகும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


லக்ஸபான (ஹட்டன்)

தம்பி காசல்ரீ, நீங்கள் கம்பனியின் பக்கம் நின்று பேசுகிறீர்கள். நான் ரிப்பேர் மேசையின் இந்தப் பக்கம் இருந்து பேசுகிறேன்.

2011 பெப்ரவரி 11. லண்டனில் நோக்கியாவின் ஸ்டீபன் ஈலொப்பும் மைக்ரோசொஃப்ட்டின் ஸ்டீவ் போல்மரும் ஒரே மேடையில் நின்று, இனி எங்கள் ஸ்மார்ட்போனுக்கு விண்டோஸ் போன்தான் என்றார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் ஈலொப் ஊழியர்களுக்கு எழுதிய கடிதம் வெளியே கசிந்தது. எரிகிற எண்ணெய்க்கிணற்று மேடையில் நிற்கிறோம், கடலில் குதித்தாக வேண்டும் என்ற பொருளில் எழுதியிருந்தார். அதை வாசித்த கடைக்காரன் எவன் அடுத்த நாள், நோக்கியாவின் அப்போதைய ஓஎஸ்ஸான சிம்பியன் போட்ட போனுக்கு ஓர்டர் கொடுப்பான்? 2010-இல் உலகம் முழுதும் விற்ற ஸ்மார்ட்போன்களில் 37 சதவீதத்துக்கு மேல் சிம்பியன். அப்படி விற்றுக்கொண்டிருந்த சாமானை ‘இது முடிந்த கதை’ என்று சொந்தக் கம்பனியே சொல்லிவிட்டது. பதிலுக்கு வர வேண்டிய லூமியா 800-ஐயும் 710-ஐயும் ஒக்டோபர் கடைசியில்தான் கண்ணில் காட்டினார்கள். அந்த இடைவெளியில்தான் சாம்சுங் கேலக்சி ஹட்டன் டவுன் வரைக்கும் ஏறி வந்தது.

சரி, நம்பி லூமியா வாங்கினவருக்கு என்ன கிடைத்தது? லூமியா 900, 2012 ஏப்ரலில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஜூனில் விண்டோஸ் போன் 8-ஐ அறிவித்தார்கள். பதிப்பு 7-இல் ஓடும் எந்தப் போனுக்கும் அது வராது என்றும் சொன்னார்கள். கேர்னலை மாற்றிவிட்டோம் என்பது காரணம். காசு கொடுத்தவருக்குக் கேர்னல் என்ன சோறு போடுமா? 7.8 என்று ஒன்றைக் கையில் கொடுத்துக் கதையை முடித்தார்கள்.

ஆகவே ஓஎஸ் சொந்தமா இரவலா என்பது என் கேள்வி இல்லை. மாறும்போது பழைய போன் வைத்திருக்கிறவரைக் கூட்டிக்கொண்டு போகிறார்களா, நடு வழியில் இறக்கிவிடுகிறார்களா? எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.


கண்டி கோடர் (பேராதனை)

லக்ஸபான அண்ணே, லூமியா 900 பற்றிச் சொன்னதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நோக்கியாவுக்கு வேறு வழி இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2008-இல் நோக்கியா டிரோல்டெக் என்ற நோர்வே கம்பனியை வாங்கியது. செயலி எழுதும் கருவித்தொகுப்பான கியூட்டி அவர்களுடையது. அதில் ஒருமுறை எழுதினால் சிம்பியனிலும் ஓடும், நோக்கியாவின் அடுத்த ஓஎஸ்ஸாக வரப்போகிற மீகோவிலும் ஓடும். பழைய ஓஎஸ்ஸிலிருந்து புதியதற்கு மெதுவாக ஆட்களை நகர்த்த இதைவிட நல்ல பாலம் யாரிடமும் இருக்கவில்லை. 2011 ஜூனில் மீகோவோடு என்9 போனை அறிவித்தார்கள். முகப்பில் ஒரு பட்டன்கூடக் கிடையாது. ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் செயலி விலகும். இன்று நம் எல்லார் விரலுக்கும் பழகிப்போன அசைவு அது. அப்படி ஒரு போனைச் செய்துவிட்டு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விற்காமலே விட்டார்கள். 2012-இல் கியூட்டியையும் டிஜியா என்ற கம்பனிக்கு விற்றார்கள். கியூட்டி படித்திருந்த டெவலப்பர்கள் விண்டோஸ் போனுக்கான சி ஷார்ப்பும் சில்வர்லைட்டும் புதிதாகப் படிக்க வேண்டிய நிலை. எப்படியும் புதிதாகப் படிக்க வேண்டும் என்றால், ஆள் கூட்டம் இருக்கும் அன்ட்ரொய்டைப் படிக்கலாமே என்று போனவர்கள்தான் அதிகம்.

எனவே இரண்டையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. தன்னிடம் இருந்ததை எறிந்துவிட்டு அடுத்தவரின் ஓஎஸ்ஸுக்குள் போனது நோக்கியா. அடுத்தவரின் ஓஎஸ்ஸிலிருந்து வெளியே வந்தது ஹுவாவே. என்9 குழுவிலிருந்து வெளியேறியவர்கள் ஜொல்லா என்று கம்பனி தொடங்கி செயில்ஃபிஷ் ஓஎஸ்ஸை இன்றும் உயிரோடு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பெரிய கம்பனியின் தொழிற்சாலை பின்னால் இருந்திருந்தால் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.


தலவாக்கலை டீச்சர்

கேர்னல், கியூட்டி எல்லாம் எனக்குத் தூரம். ஆனால் ஒரு ஓஎஸ் செத்துவிட்டது என்பது எங்கள் பக்கம் தெரியவருவது வட்ஸ்அப் நிற்கும் அன்றுதான். சிம்பியன் எஸ்60 போன்களில் 2017 ஜூன் 30-உடன் நின்றது. பிளாக்பெரியில் அதே ஆண்டு டிசம்பர் 31. நோக்கியா எஸ்40-இல் 2018 டிசம்பர் 31. விண்டோஸ் போனில் 2019 டிசம்பர் 31. கம்பனி எந்த மேடையில் என்ன சொன்னது என்று யாருக்கும் நினைவில்லை. இந்தத் தேதிகளின் பலனை மட்டும் வீட்டுக்கு வீடு அனுபவித்தோம்.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு போன் ஒருவர் கையோடு முடிவதில்லை. கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் புதிது வாங்கினால் பழையது தங்கச்சிக்கு வரும். அப்புறம் அம்மாவுக்கு. கடைசியில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு. 2020-இலும் 2021-இலும் பாடசாலைகள் மூடியிருந்தபோது நாங்கள் பாடம் அனுப்பியது வட்ஸ்அப் குழுக்களில்தான். சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகளின் கையில் இருந்தது இப்படி மூன்றாம் கை, நான்காம் கை மாறி வந்த போன்கள். அதில் ஒரு பிள்ளைக்கு வாய்த்தது லூமியா என்றால், 2020 மார்ச்சில் அந்தப் போனுக்குப் பாடம் வந்து சேராது. அந்தப் போனில் பழுது ஒன்றும் இல்லை. திரை நல்லது, பேட்டரி நிற்கும், கமெரா தெளிவு. ஒரு தீர்மானம் எங்கோ எடுக்கப்பட்டு ஒன்பது வருடம் கழித்து, அதன் செலவு அந்தப் பிள்ளையின் கணக்கில் விழுந்தது.

அதனால் லக்ஸபான சேர் கேட்ட கேள்விதான் என் கேள்வியும்.


ஊவா காற்று (பண்டாரவளை)

ஷியோமியும் 2023-இல் ஹைப்பர் ஓஎஸ் என்று மாறிவிட்டதே, அதில் எல்லாம் ஒழுங்காகத்தானே ஓடுகிறது? என் ரெட்மியில் ஒரு பிரச்சினையும் இல்லை.


கண்டி கோடர்

ஹைப்பர் ஓஎஸ் போனில் அன்ட்ரொய்ட்தான். எம்ஐயூஐ இருந்த இடத்தில் புது மேற்பூச்சு, புதுப் பெயர். பிளே ஸ்டோர் இருக்கிறதல்லவா, அதை வைத்தே தெரிந்துகொள்ளலாம். இந்த இழையில் பேசுவது அடித்தளமே மாறுவதைப் பற்றி.


காசல்ரீ

டீச்சர் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். மறுக்க முடியாது. ஆனாலும் ஒன்றைப் பார்க்க வேண்டும்.

வட்ஸ்அப் இல்லாத ஓஎஸ் வேண்டாம் என்று எல்லாரும் சொன்னால், உலகத்தில் கடைசி வரைக்கும் இரண்டே இரண்டு கம்பனிதான். அந்த இரண்டும் அமெரிக்காவில். அவர்கள் வைத்ததுதான் சட்டம், கேட்டதுதான் கமிஷன்.

ஏபிகே-யை ஏன் அடியோடு வெட்டினார்கள், கொஞ்சம் விட்டிருக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். விட்டுப் பார்த்த கம்பனி இருக்கிறது. பிளாக்பெரி 2013 ஜனவரியில் பிபி10 என்ற புத்தம்புது ஓஎஸ்ஸைக் கொண்டுவந்தது. கியூஎன்எக்ஸ் அடித்தளம், சைகைகள், செய்திகளுக்கு ஒரே பெட்டி, எல்லாம் தரம். அடுத்த வருடம் ஏபிகே கோப்பை நேரடியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். விளைவு என்ன? அன்ட்ரொய்ட் செயலியே இங்கே ஓடும்போது பிபி10-க்கென்று தனியாக எதற்கு எழுத வேண்டும் என்று டெவலப்பர்கள் ஒதுங்கினார்கள். 2015-இல் பிளாக்பெரியே பிரிவ் என்று அன்ட்ரொய்ட் போன் விற்றது. ஹுவாவே அந்தப் பாடத்தைப் படித்துத்தான் வெட்டியிருக்கிறது.

நம் மலையில் தேயிலைச் செடியின் கிளைகளை நறுக்கிக் கவ்வாத்து வெட்டுகிற மாதிரிதான் இது. வெட்டிய மலையைப் பார்த்தால் குச்சி மட்டும் நிற்கும், சில மாதம் கொழுந்து இல்லை. வெட்டாமல் விட்ட செடி உயரமாக வளரும், ஆனால் கூடை நிறையாது. தொடங்கிய அன்று 15,000 செயலிகளுக்கு மேல் இருப்பதாகச் சொன்னார்கள். இலக்கு ஒரு லட்சம். வீசாட், அலிபே எல்லாம் வந்துவிட்டன. சீனாவில் 2024 முதல் காலாண்டில் விற்ற போன்களில் ஹார்மனி 17 சதவீதம், ஐஓஎஸ் 16 சதவீதம் என்று சந்தை ஆய்வு நிறுவனமான கவுண்டர்பொயின்ட்டின் கணக்கே காட்டுகிறது. விண்டோஸ் போன் தன் நல்ல காலத்தில்கூட உலக அளவில் சுமார் 4 சதவீதத்துக்கு மேல் போகவில்லை.


லக்ஸபான

அந்த 17 சதவீதம் ஹார்மனி 4 காலத்துக் கணக்கு, தம்பி. அன்ட்ரொய்ட் செயலி ஓடிய காலம். வெட்டுக்குப் பிறகு என்ன என்பதை அந்த எண் சொல்லாது. இதைப் பிரித்துப் பார்க்காமல் பேசினால் விவாதம் தடம் மாறிவிடும்.

கவ்வாத்துப் பற்றிச் சொன்னீர்கள். ஒரு மலையைக் கவ்வாத்து வெட்டினால் ஆட்களை வேறு மலைக்கு அனுப்பிக் கொழுந்து எடுக்க வைப்பார்கள். சீனாவில் இருப்பவர்களுக்கு வேறு மலை இருக்கிறது. வீசாட்டில் பேசுவார்கள், அலிபேயில் காசு கொடுப்பார்கள், அதிலேயே பஸ் டிக்கட்டும் எடுப்பார்கள். அந்த இரண்டு செயலி வந்தாலே அவர்கள் வாழ்க்கை ஓடும். நமக்கு வட்ஸ்அப்பும் வங்கிச் செயலியும் யூடியூபும். அவற்றில் ஒன்றுகூட ஹார்மனிக்கென்று எழுதப்படவில்லை. நாம் போய்க் கொழுந்தெடுக்க எந்த மலை இருக்கிறது, சொல்லுங்கள்.


புசல்லாவை சிவப்பு மண்

வணக்கம். நேரடியாக ஒரு உதவி வேண்டும். கண்டியில் கடை வைத்திருக்கும் மாமா சாமான் எடுக்க குவாங்சோ போகிறார். அங்கிருந்து மேட் 70 கொண்டுவரலாமா என்று கேட்கிறார். கமெராவைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது. நான் திருமண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவன், இரவல் கமெராவோடு ஓடுகிறேன். இந்த இழையை வாசித்தபின் பயமாகவும் இருக்கிறது. வாங்கலாமா?


லக்ஸபான

தம்பி, மாமா கடையில் காசு கொடுக்கும் முன்னால் இவற்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் ஓஎஸ். மேட் 70 வந்தபோது அதை ஹார்மனி 4.3-உடனும் விற்றார்கள், 5-உடனும் விற்றார்கள். 4.3-இல் அன்ட்ரொய்ட் செயலி ஓடும், 5-இல் ஓடாது. பெட்டியை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. போனை ஓன் செய்து செட்டிங்ஸில் ‘எபவுட் போன்’ பகுதியில் பதிப்பு எண்ணைப் பார்க்க வேண்டும். 2025 மார்ச்சில் வந்த பியூரா எக்ஸ் மாதிரிப் போன்கள் 5-உடன் மட்டும்தான் வந்தன, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

4.3 கிடைத்தாலும் கூகுள் சேவை இருக்காது. அதற்குப் பதிலாக நம் டவுன் கடைகளில் ஜிபொக்ஸ், மைக்ரோஜி என்ற மாற்றுக் கருவிகளைப் போட்டுக் கொடுப்பார்கள். யூடியூபும் மேப்பும் ஓடும். வட்ஸ்அப்பை அவர்களுடைய தளத்திலிருந்தே இறக்கலாம். ஆனால் கூகுள் டிரைவ் பேக்கப் கிடைக்காது, அதனால் பழைய உரையாடல்கள், படங்களைக் கொண்டுபோவதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். வங்கிச் செயலிதான் பெரிய சிக்கல். பல வங்கிகளின் செயலிகள் போன் கூகுளின் சோதனையில் தேறியதா என்று பார்த்துவிட்டுத்தான் திறக்கும். உங்கள் வங்கியின் செயலி கூகுள் இல்லாத ஹுவாவேயில் திறக்கிறதா என்று, அப்படி ஒரு போன் வைத்திருப்பவரிடம் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் நெட்வொர்க். சீனச் சந்தைக்குச் செய்த போனில் நம் நாட்டு நிறுவனங்களுக்கான வோல்டி (4ஜியிலேயே கோல் பேசும்) அமைப்பு இல்லாமல் போகலாம். அப்படி இல்லையென்றால் டேட்டா 4ஜியில் வரும், கோல் எடுக்கும்போது பழைய நெட்வொர்க்குக்கு இறங்கிவிடும். தோட்டப் பக்கம் சிக்னல் நிலை உங்களுக்கே தெரியும்.

கடைசியாக ஐஎம்இஐ, அதாவது போனின் அடையாள எண். வெளிநாட்டுப் போன் என்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பதிவு முக்கியம். உள்ளூரில் வாங்கும் போனின் எண்ணையும் 1909-க்கு அனுப்பிப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

ஹுவாவே கமெராதான் வேண்டும் என்றால் சீனாவுக்கு வெளியே விற்கும் மொடலை எடுங்கள். பியூரா 70, மேட் எக்ஸ்6 போன்றவை வெளிநாடுகளில் ஈஎம்யூஐ-உடன்தான் வந்தன. அது அன்ட்ரொய்ட் அடித்தளம். கூகுள் இல்லை என்ற குறை மட்டும்தான் இருக்கும்.


பொகவந்தலாவை–துபாய்

இங்கே வேலைக்கு வந்திருப்பவர்கள் சார்பில் ஒன்று சொல்கிறேன். எமிரேட்ஸில் வட்ஸ்அப் கோல் வேலை செய்யாது, செய்தி மட்டும் போகும். பொட்டிம் என்ற செயலி வழியாகத்தான் வீட்டோடு பேசுகிறோம். என்னுடன் தங்கியிருக்கும் ஒருவர் ஹார்மனி 5 உள்ள போனை நண்பரிடம் மலிவாக வாங்கினார். அதில் பொட்டிமும் இல்லை, வட்ஸ்அப்பும் இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்க அடுத்தவரிடம் போன் கேட்கிறார். போன் வேகம் என்று சொன்னால் பொய் இல்லை, தொட்டால் பறக்கிறது. வேகத்தை வைத்துக்கொண்டு அவர் யாரோடு பேசுவது?


கண்டி கோடர்

ஹார்மனி 5-இல் அன்ட்ரொய்ட் செயலியைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் கருவிகள் ஸ்டோரிலேயே வந்திருக்கின்றன. வெளி நிறுவனங்கள் செய்தவை. உங்கள் நண்பருக்கு அதை முயலச் சொல்லலாம். ஆனால் அறிவிப்புகள் தாமதமாக வரலாம், வங்கிச் செயலிகளை அதில் நம்ப முடியாது.

காசல்ரீ சொன்ன பிளாக்பெரிப் பாடத்துக்கு இது நேர் எதிர்த் திசையில் போகிறது என்பதையும் கவனியுங்கள். வாசலில் வெட்டியதைப் பின்கதவால் கொஞ்சம் உள்ளே விட்டிருக்கிறார்கள். ஆட்கள் கேட்டதால்தான் விட்டிருப்பார்கள்.


தலவாக்கலை டீச்சர்

தமிழைப் பற்றி யாரும் பேசவில்லையே.

சிம்பியன் காலத்தில் தமிழ்த் தளம் திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஒபெரா மினியில் உள்ளே போய், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்ற அமைப்பை மாற்றினால்தான் வாசிக்க முடிந்தது. எழுத்தெல்லாம் படமாக இறங்குவதால் ரீலோட் காசு வேகமாகக் கரையும். தொடக்க கால அன்ட்ரொய்டிலும் அதே நிலை. கைபேசியில் தமிழில் எழுதலாம் என்று காட்டியது 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியான முத்து நெடுமாறனின் செல்லினம். 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபோதுதான் ஐபோனுக்குள்ளேயே தமிழ் விசைப்பலகை கிடைத்தது. இன்று என் வகுப்புப் பிள்ளைகள் குரலால் சொல்லியே தமிழ் எழுதுகிறார்கள்.

இத்தனை வருடம் பலர் உழைத்துச் சேர்த்தது இது. ஓஎஸ் மாறினால் இதெல்லாம் திரும்பவும் முதலிலிருந்து. விசைப்பலகைகளான செல்லினமும் ஜிபோர்டும் அன்ட்ரொய்டுக்கும் ஐபோனுக்கும் எழுதப்பட்டவை. ஹார்மனியில் அவை இல்லை. மூன்றாவது ஓஎஸ் வரட்டும், நான் தடுக்கவில்லை. அதில் தமிழ் முதல் நாளே இருக்க வேண்டும். பத்து வருடம் காத்திருந்து எழுத்துகளைப் பெறும் நிலைக்கு நாங்கள் மறுபடி போக முடியாது.


காசல்ரீ

டீச்சர், தமிழ் முதல் நாளே வர வேண்டும் என்றால் எழுத ஆள் வேண்டும். ஆர்க்டிஎஸ் படிப்பது கடினம் இல்லை, டைப்ஸ்கிரிப்ட் தெரிந்தவருக்குப் பழக்கமான மொழி. நான் அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். தமிழ்99 விசைப்பலகை ஒன்றைச் செய்து பார்க்கும் எண்ணம் இருக்கிறது. ஆனையிறவு முதல் ஹப்புத்தளை வரை யார் உதவினாலும் சேர்ந்து செய்யலாம்.

ஆனால் கம்பனி மாறியதே பிழை என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர்களை வெளியே தள்ளியது யார் என்று முதலில் கேட்க வேண்டும்.


கண்டி கோடர்

விசைப்பலகைக்கு நான் வருகிறேன். தனி மடலில் எழுதுங்கள்.

தள்ளப்பட்டவர்கள் என்பது உண்மை. நோக்கியாவைப் பற்றி ஒரு சின்ன விசயமும் சேர்த்துவிடுகிறேன். 2014 பெப்ரவரியில் அவர்களே கூகுள் இல்லாத அன்ட்ரொய்ட் ஒன்றைப் போட்டு நோக்கியா எக்ஸ் விற்றார்கள். ஏப்ரலில் கைபேசிப் பிரிவு மைக்ரோசொஃப்ட் கைக்குப் போனது. ஜூலையில் அந்த வரிசையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் மைக்ரோசொஃப்ட் 760 கோடி டொலரை நட்டமாக எழுதியது, 7,800 பேர் வரை வேலை இழந்தார்கள். மூன்றரை வருடத்துக்குள் சிம்பியன், மீகோ, விண்டோஸ் போன் 7, 8, நோக்கியா எக்ஸ் என்று ஒரே கம்பனி ஐந்து திசையில் ஓடியது. ஹுவாவே இதுவரை ஒரே திசையில் போகிறது. தடை வந்த பிறகும் ஐந்து வருடம் பழைய செயலிகளையும் ஓட விட்டு, பிறகுதான் வெட்டியது. வெளிநாட்டுப் போன்களை இன்னும் வெட்டவில்லை. இந்த அளவில் நோக்கியாவைவிட ஒழுங்கு அதிகம் என்பேன்.


லக்ஸபான

ஒழுங்கு அதிகம்தான். ஆனால் நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. அதனால் எனக்கு என்ன வேண்டும் என்று நானே எழுதிவிடுகிறேன்.

ஒரு கம்பனி ஓஎஸ் மாறலாம். அது அவர்கள் உரிமை. ஆனால் பழைய போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதி வரை என்று விற்கும்போதே பெட்டியில் அச்சடிக்க வேண்டும். அந்தத் தேதி முடிந்ததும், வேறு ஓஎஸ் போட விடாமல் பூட்டி வைத்திருக்கும் பூட்லோடரைத் திறந்துவிட வேண்டும். ஹுவாவே 2018-இல் பூட்லோடர் கோட் கொடுப்பதை நிறுத்தியது. அன்றிலிருந்து அவர்களுடைய நல்ல போன்கள் என் மேசையில் வந்தால் என்னால் செய்ய முடிந்தது திரை மாற்றுவது, பேட்டரி மாற்றுவது. உள்ளே சொஃப்ட்வெயார் பழசாகிவிட்டது என்றால் கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வேறு சில கம்பனிகளின் பழைய போன்களில் அன்ட்ரொய்டின் இலவச வடிவமான லினேஜ் ஓஎஸ் போட்டு, இன்னும் சில வருடம் ஓட வைத்துக் கொடுத்திருக்கிறேன். அப்படிக் கொடுத்த போனில்தான் சில வீடுகளில் பிள்ளைகள் படிக்கிறார்கள். பூட்டை அவர்களே கைவிட்ட பிறகும் சாவியை ஏன் வைத்திருக்க வேண்டும்?


ஊவா காற்று

லக்ஸபான அண்ணே சொன்ன முதல் பகுதி ஐரோப்பாவில் சட்டமாகவே வந்துவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் போன்களுக்கு, அந்த மொடலின் விற்பனையை நிறுத்திய நாளிலிருந்து குறைந்தது 5 வருடம் ஓஎஸ் அப்டேட் இருக்க வேண்டும் என்று விதி. உதிரிப்பாகங்களும் 7 வருடம் கிடைக்க வேண்டும். அதே போன்தான் இங்கேயும் வருகிறது. அங்கே கொடுக்க முடிந்ததை இங்கே கொடுக்க முடியாதா?


லக்ஸபான

உதிரிப்பாகம் 7 வருடமா? அது எனக்குச் சோற்றுப் பிரச்சினை. அந்த விதியை எடுத்து அனுப்புங்கள் தம்பி, கடையில் ஒட்டி வைக்கிறேன்.

ஒரு மொடல் நாட்டுக்குள் வர ஆணைக்குழுவின் அங்கீகாரம் வேண்டும். அந்த இடத்திலேயே கேட்கலாமே: அப்டேட் எந்தத் தேதி வரை, தமிழும் சிங்களமும் உள்ளே இருக்கிறதா என்று. புதிதாக அலுவலகம் கட்டத் தேவையில்லை, விண்ணப்பத்தில் இரண்டு வரி.


தலவாக்கலை டீச்சர்

அந்த இரண்டு வரியை நாமே எழுதிக் கேட்போம். தமிழ் வரைவை இந்தப் போயா விடுமுறைக்குள் நான் முடிக்கிறேன். சிங்களத்தில் எழுத எங்கள் பாடசாலையில் ஒரு ஆசிரியை இருக்கிறார், கேட்டால் செய்வார். கண்டி கோடர், தொழில்நுட்பச் சொற்களை நீங்கள் பார்த்துத் தர வேண்டும். லக்ஸபான சேர், அப்டேட் நின்றதால் பயனில்லாமல் உங்கள் மேசைக்கு வரும் போன்களின் மொடல் பெயர்களைக் குறித்து வையுங்கள். ஆட்களின் பெயர் வேண்டாம், மொடலும் வாங்கிய வருடமும் போதும்.